மாத்திரை போடும் முகங்கள்

பியூட்டி பார்லர் தொழிலில் முதல் பாடம், வந்து உட்கார்ந்த முகத்தில் மூன்று குறை கண்டுபிடித்து வாய்விட்டுச் சொல்வதுதான். "டேன் ஆகியிருக்கு, டெட் ஸ்கின் இருக்கு, கண்ணுக்குக் கீழே கருவளையம்" என்று அடுக்கினால்தான் வெறும் புருவ த்ரெட்டிங்குக்கு வந்தவர் ஃபேஷியலுக்குச் சாய்வார். இருபது வருஷமாகச் சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில், மாடியில் பார்லர் வைத்திருக்கிறேன். அந்த மூன்று குறைகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அவற்றில் பல வெயிலிலிருந்தும் தூசியிலிருந்தும் வருவதில்லை, கைப்பைக்குள் இருக்கும் மாத்திரை அட்டையிலிருந்து வருகின்றன என்று தெரிந்துகொள்ளத்தான் இத்தனை காலம் ஆயிற்று.

பி.பி., ஆஸ்துமா, மூட்டு வலி, இதயக் கோளாறு என்று வருஷக்கணக்கில் மாத்திரை போட்டுக்கொண்டு, கண்ணாடி முன் நின்று "நானா இது" என்று பெருமூச்சு விடும் என் சக பாவிகளே, இது உங்களுக்காக. இதில் நித்யா என்று ஒரு பெண் வருவாள். நான் யோசிக்காமல் விட்ட ஒரு வார்த்தையால் அவள் கல்யாணத்துக்கு மட்டுமல்ல, உயிருக்கே ஆபத்து வரப் பார்த்தது. மற்றவர்கள் கதையைச் சொல்லிச் சிரித்துவிட்டு அதை மட்டும் மறைப்பது நியாயமில்லை.

உரிந்து வந்த தோல்

கல்லூரியில் படிக்கும் பெண். பம்மலிலிருந்து தோழி சொல்லி வந்தவள். மேலுதட்டில் லேசான முடி. வேக்ஸ் செய்யச் சொன்னாள். ஆயிரம் பேருக்குச் செய்த கை. வேக்ஸைத் தடவினேன், பட்டையை ஒட்டினேன், ஒரே இழுப்பு. முடியோடு தோலும் வந்துவிட்டது. மூக்குக்குக் கீழே சிவப்பாக, ஈரமாக, சூடு பட்ட புண் மாதிரி இருந்தது. வேக்ஸ் அதிகம் சூடாகிவிட்டதோ என்று என் மணிக்கட்டில் தடவிப் பார்த்தேன். இல்லை, எப்போதும் போலத்தான் இருந்தது.

குளிர்ந்த தண்ணீரில் துணியை நனைத்து வைத்து, நானே ஆட்டோ பிடித்துத் தோல் டாக்டரிடம் கூட்டிப் போனேன். பருவுக்காக அவள் ஆறு மாதமாக ஒரு கேப்ஸ்யூல் சாப்பிடுகிறாளாம். அது பருவை அடக்கும், ஆனால் தோலைக் காயவைத்து மெல்லிசாக்கிவிடும். சாப்பிடும்போதும், நிறுத்திய பிறகு பல மாதங்கள் வரையிலும் வேக்ஸ் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொன்னார். அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. திரும்பி வரும் வழியில் கைக்குட்டையை உதட்டுக்கு மேல் பிடித்துக்கொண்டு சொன்னாள், "நீங்க ஏதாவது மாத்திரை சாப்பிடறியான்னு கேட்கவே இல்லையே ஆன்ட்டி. கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

கேள்வி கேட்ட குற்றம்

மறுநாளே ஒரு நோட்டு வாங்கினேன். நாற்காலியில் உட்கார்கிறவர் யாராக இருந்தாலும், "தினமும் ஏதாவது மாத்திரை எடுத்துக்கறீங்களா?" என்பதுதான் முதல் கேள்வி. ஏதோ வயசைக் கேட்டதுபோல முகம் சுளித்தவர்கள் உண்டு. கூட வந்திருந்த நாத்தனாரை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு "ஒண்ணுமில்லையே" என்று சொல்லி, அவர் நகர்ந்ததும் என் காதில் நாலு மாத்திரையின் பெயரைக் கிசுகிசுத்தவர் உண்டு. எதிர் அபார்ட்மெண்டில் இருந்து வரும் ஓர் அம்மாள் மட்டும் எழுந்து நின்றேவிட்டார். "நான் ஐப்ரோவுக்கு வந்தேன்மா. ஆபரேஷனுக்கு வரலை."

உருண்ட முகம்

நித்யா ஒளிக்காமல் பதில் சொன்னாள். இருபத்தாறு வயது, சோழிங்கநல்லூரில் ஒரு கம்பெனியில் வேலை, வீடு எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி. சிறுநீரில் புரதம் கழிந்துபோகும் கோளாறு அவளுக்கு. ஒன்றரை வருஷமாக ஸ்டீராய்டு மாத்திரை. கோளாறை மாத்திரை பிடித்து நிறுத்தியிருந்தது. டாக்டர் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வந்தார். ஆனால் அதற்குள் முகம் உருண்டு, கன்னத்தில் பூனை முடி, தாடையில் பரு, தோளில் வரி வரியாகத் தழும்பு. நோட்டில் எழுதிக்கொண்டேன்: ப்ளீச் கூடாது, ஸ்க்ரப் கூடாது, வேக்ஸ் கூடாது, கை லேசாக இருக்க வேண்டும். அதுவரை நான் கெட்டிக்காரிதான்.

கூட வந்திருந்தவர் அவள் அம்மா லலிதா. நாலு மாதத்தில் கல்யாணம் என்றார். மாப்பிள்ளை பிரபுவுக்குப் பொழிச்சலூர். பெண் பார்க்க வந்தபோதும் முகம் இப்படித்தான் இருந்தது. பூசினாற்போல உடம்பு என்று லலிதாக்கா சமாளித்துவிட்டார். மாத்திரை விஷயத்தைச் சொல்லவில்லை. "சொன்னா எங்க நின்னு போயிடுமோன்னு பயமா இருக்கு உமா" என்றார். அந்த இடத்தில் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் பழக்க தோஷத்தில் குறை எண்ண ஆரம்பித்தேன். "முகம் ரொம்ப ஊதியிருக்கு. இது வடிஞ்சாதான் மேக்கப் எடுக்கும். கல்யாணத்துக்குள்ள எப்படியாவது குறைச்சிடணும்" என்றேன். நித்யா கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள், "மாத்திரை இருக்கிற வரைக்கும் இது குறையாதுக்கா."

ஸ்டாஃப் ரூம் வில்லன்

ஹேமா மிஸ் என்னிடம் பத்து வருஷமாக வருகிறவர். பக்கத்துப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறார். பழைய கஸ்டமர்களிடம் என் நோட்டுக் கேள்வியைக் கேட்க எனக்கு ஒரு கூச்சம். நமக்குத் தெரியாததா என்ற திமிர் என்றும் சொல்லலாம். அவர் அன்று தோளும் கையும் பிடித்துவிடச் சொன்னார். நன்றாக அழுத்திப் பிடித்துவிட்டேன். சுகமாக இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்து வந்து புடவைத் தலைப்பை விலக்கிக் கையைக் காட்டினார். மேல்கையில் என் ஐந்து விரலும் நீல நிறத்தில் அப்படியே பதிந்திருந்தன. போன வருஷம் இதயத்தில் வால்வு மாற்றினார்களாம். ரத்தம் உறையாமல் இருக்க அன்றிலிருந்து தினமும் மாத்திரை. லேசாகத் தட்டினாலே கன்றிப்போகும். நீங்கள் ஏன் சொல்லவில்லை என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் நான்தான் கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார். "என்கிட்ட மன்னிப்பு எதுக்கு உமா? எங்க வீட்டுக்காரர்கிட்ட கேளு. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்துல குரலைக்கூட உசத்தாத மனுஷன், ஸ்டாஃப் ரூம்ல ஒரு வாரமா அவர்தான் வில்லன்."

வெயிலுக்கு வழி சொன்ன மாத்திரை

அஞ்சலை கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து வந்து எங்கள் தெருமுனையில் மீன் விற்கிறவர். பல வருஷமாக நான் கீழே இறங்கிப் போய் வாங்கியிருக்கிறேனே தவிர, அவர் மாடி ஏறி வந்தது அன்றுதான் முதல் தடவை. வாசலிலேயே நின்றுகொண்டு, "இன்னாமே, உள்ள வரலாமா? மீன் நாத்தம் அட்சிச்சுன்னா சொல்லிடு" என்றார். உட்காரவைத்தேன். இரண்டு முன்கையும் கழுத்தும் கறுத்துத் தடித்து, அரித்து அரித்துப் புண்ணாகியிருந்தன. "பேஜாரா கீது. மீன் வாங்க வர்றவங்க எங்கையப் பாத்துட்டு அப்டியே திரும்பிப் பூட்றாங்க. எம் பொண்ணு வெள்ளையாவுற க்ரீம் வாங்கியாந்து குட்த்தா. தேச்சுகினே கீறேன், இன்னும் எரியுது."

ரவிக்கைக் கையைச் சற்று மேலே தூக்கிப் பார்த்தேன். கறுப்பு அந்த விளிம்போடு நின்றுவிட்டது. துணி மறைத்த இடத்தில் ஒன்றுமே இல்லை. கேள்வியைக் கேட்டேன். ஒரு வருஷமாக பி.பி. மாத்திரை. சில மாத்திரைகள் சிலருக்கு வெயிலைத் தாங்கவிடாது என்று தோல் டாக்டர் சொல்லியிருந்தது நினைவுக்கு வந்தது. "க்ரீமைத் தூக்கிப் போடுங்க. ஆனா மாத்திரையை நீங்களா நிறுத்தக்கூடாது. டாக்டர்கிட்ட கையைக் காட்டிக் கேளுங்க" என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினேன். அன்று பார்லரில் வேறு யாரும் இல்லை.

ஒன்றரை மாதம் கழித்து, முழுக்கைச் சட்டை போட்டு, தலையில் துண்டோடு அஞ்சலை மறுபடி ஏறி வந்தார். அரிப்பு நின்று, தோல் தெளிய ஆரம்பித்திருந்தது. பக்கத்து நாற்காலியில் நித்யா முகத்தில் பேக்கும் கண்ணில் வெள்ளரிக்காயுமாகச் சாய்ந்திருந்தாள். "மாத்திரையை மாத்தினதும் எப்படி ஆயிடுச்சு பாரு" என்று நான் பெருமையாக எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். அஞ்சலை கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "இத்தினி வருசமா வெயில்ல குந்திகினுதான் மீன் வித்தேன், வெயிலு என்னியக் கண்டுக்கவே இல்ல. இந்த மாத்திர போய்ச் சொல்லிக் குட்த்ததுக்கு அப்பாலதான் கண்டுக்கினுச்சு."

பெடிக்யூர் தொட்டியில் ஒரு குழி

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது நித்யா பெடிக்யூருக்கு வந்தாள். படி ஏறி வந்ததற்கே மூச்சு வாங்கியது. முகம் வெளுத்திருந்தது. கல்யாண அலைச்சல் என்று நினைத்துக்கொண்டேன். வெதுவெதுப்பான தண்ணீரில் கால்களை ஊறவைத்து, ஒன்றை எடுத்து என் மடியில் துண்டின்மேல் வைத்துத் துடைத்தேன். செருப்பு வார் பதிந்த தடம் ஆழமாக இருந்தது. கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும் அந்தக் குழி அப்படியே நின்றது.

இத்தனை வருஷத்தில் எத்தனையோ கால்கள் பார்த்திருக்கிறேன். நின்று நின்று வீங்கும் கால் வேறு, இது வேறு. "காலைல என்ன சாப்பிட்டே?" என்றேன். இரண்டு நாளாகச் சாப்பிட்டதெல்லாம் வாந்தி, எழுந்தால் தலை சுற்றுகிறது என்றாள். "நித்யா, மாத்திரை போடறியா இல்லையா?" என்று கேட்டேன். அவள் தொட்டித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "நிறுத்திப் பத்து நாள் ஆச்சு. நீங்கதானேக்கா சொன்னீங்க, கல்யாணத்துக்குள்ள குறைச்சிடணும்னு. அந்த மீன்காரம்மாவுக்கும் மாத்திரையாலதான்னு சொன்னீங்களே."

இரண்டு குற்றவாளிகள்

எழுந்து நிற்க முயன்றவள் அப்படியே சரிந்தாள். தாங்கிப் பிடித்து, ஈரக் காலோடு ஆட்டோவில் ஏற்றி, லலிதாக்காவுக்குப் போன் செய்து, குரோம்பேட்டையில் அவள் வழக்கமாகப் பார்க்கும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ரத்த அழுத்தம் மிகவும் இறங்கியிருந்தது. டாக்டர் எங்களுக்குப் புரியும்படி சொன்னார். உடம்பு தானே சுரக்கவேண்டியதை இத்தனை நாள் மாத்திரை கொடுத்து வந்தது. அதனால் உடம்பு சுரப்பதை மறந்திருக்கும். மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தினால் இரண்டும் இல்லாமல் போய்விடும். அதனால்தான் படிப்படியாகக் குறைக்கிறோம். இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் என்று ஆரம்பித்து, லலிதாக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அடங்கியிருந்த சிறுநீரகக் கோளாறும் தலைதூக்கியிருந்தது.

அன்று அதற்குப் பிறகு நான் பார்லரைத் திறக்கவில்லை. வார்டுக்கு வெளியே பெஞ்சில் லலிதாக்கா பக்கத்தில் உட்கார்ந்து, நான் சொன்ன வார்த்தையை ஒன்று விடாமல் சொன்னேன். அவர் என்னை அறைந்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவரோ என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "நானும்தானே உமா ராத்திரி சாப்பாட்டை நிறுத்தி அவளுக்கு வெறும் கஞ்சி கொடுத்தேன், முகம் வடியட்டும்னு. உன்னைத் திட்டினா என்னை யாரு திட்டுவா?"

பிரபுவுக்கு ஒரு போன்

மூன்றாம் நாள் நித்யா எழுந்து உட்கார்ந்தாள். முதல் வேலையாக, "பிரபுகிட்ட நானே சொல்லிடறேன்" என்றாள். லலிதாக்கா கையெடுத்துக் கும்பிடாத குறை. கல்யாணம் முடியட்டும், பிறகு சொல்லலாம் என்றார். நித்யா கேட்கவில்லை. எங்கள் எதிரிலேயே போன் செய்து, கோளாறு, மாத்திரை, முகம், நிறுத்தியது, ஆஸ்பத்திரி என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். அந்தப் பக்கத்திலிருந்து வீட்டில் பேசிவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று மட்டும் பதில் வந்தது.

இரண்டு நாள் போன் வரவில்லை. லலிதாக்கா மண்டபத்துக்காரரிடம் என்ன சொல்வது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார். நான் சாத்துக்குடி உரித்து உரித்து, யாரும் சாப்பிடாமல் தட்டு நிறைந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் பிரபு நேரிலேயே வந்தார். ஏர்போர்ட் பக்கம் வேலை, அடையாள அட்டையைக்கூடக் கழற்றவில்லை. மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தார், எப்போது போட வேண்டும் என்று நர்ஸிடம் கேட்டார், போனில் குறித்துக்கொண்டார். அம்மா என்ன சொன்னாங்க என்று நித்யா கேட்டதற்குக் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு பதில் சொன்னார், "அம்மா இன்னும் யோசிச்சிட்டு இருக்காங்க. நான் யோசிச்சு முடிச்சிட்டேன்."

முகூர்த்தத்துக்கு முன்

கல்யாணம் நிற்கவில்லை. ஆனால் மாப்பிள்ளையின் அம்மா அதன்பிறகு லலிதாக்காவிடம் பூ எத்தனை முழம், வண்டி எத்தனை மணிக்கு என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. மறைத்துவிட்டார்களே என்ற கோபம் நியாயமானதுதான். அதனால் கல்யாணத்தன்று காலை கிழக்குத் தாம்பரம் மண்டபத்தில் லலிதாக்கா நடந்ததெல்லாம் முள்மேல் நடந்தது போலத்தான்.

மணப்பெண் அறையில் நான் நித்யாவுக்கு மேக்கப் போட்டேன். மெல்லிசாகிப்போன தோல் என்பதால் நெற்றிச்சுட்டிக்குப் பசை தொடவில்லை, ஜடைக்கு இறுக்கிப் பின் குத்தவில்லை, ஸ்பாஞ்சைத் தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுத்தேன். பருக்களை மட்டும் மறைத்தேன். முகத்தை ஒல்லியாகக் காட்ட கன்னத்தில் இருட்டடிக்கும் வித்தை எனக்கு நன்றாகவே தெரியும். அந்தப் பிரஷ்ஷை அன்று பையிலிருந்து எடுக்கவில்லை. உருண்ட முகம் உருண்டையாகவே, பட்டுப்புடவைக்குப் பொருத்தமாக இருந்தது. அழகாக இருந்தாள். இதைத் தொழிலுக்காகச் சொல்லவில்லை. கடைசியில் லிப்ஸ்டிக்கைத் தீட்டி முடித்து நிமிர்ந்தபோது மணி ஏழே முக்கால்.

நித்யாவின் போனில் அலாரம் அடித்தது. எட்டு மணி மாத்திரை, சாப்பிட்ட பிறகு போட வேண்டியது. லலிதாக்கா போனை எடுத்து அணைத்தார். அவர்கள் வீட்டு வழக்கம், தாலி ஏறும்வரை பெண் தண்ணீர் தவிர எதையும் தொடக்கூடாது. "முகூர்த்தம் ஒன்பதரைக்குத்தானே. முடிஞ்சதும் போட்டுக்கட்டும்" என்றார். தாலி கட்டி, வலம் வந்து, ஆசீர்வாதம் வாங்கி முடிக்க எந்தக் கல்யாணத்தில் பன்னிரண்டு ஆகாமல் இருந்திருக்கிறது? ஒரு வேளைகூடத் தவறக்கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார். நித்யா என்னைப் பார்த்தாள். இந்த முறை வாயைத் திறந்தே ஆகவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. "லலிதாக்கா, அவ சாப்பிட்டு மாத்திரை போடாம நான் இந்த ரூம் கதவைத் திறக்க விட மாட்டேன்" என்றேன். லலிதாக்காவின் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. "அவங்களுக்குத் தெரிஞ்சா இதையும் ஒரு குறையா எடுத்துப்பாங்க உமா. ஏற்கெனவே பேசறதில்லை" என்றார்.

கதவு வெளியிலிருந்து திறந்தது. மாப்பிள்ளையின் அம்மா நின்றிருந்தார். ஒரு கையில் தட்டில் மூன்று இட்லி, இன்னொரு கையில் தண்ணீர். யாரையும் பார்க்காமல் நேராக வந்து, நித்யாவின் முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இட்லியைப் பிட்டார். லலிதாக்கா தயங்கித் தயங்கி, "சம்பந்தி, இன்னும் தாலி ஏறலையே" என்றார். அவர் பிட்ட துண்டை நித்யாவின் வாயருகே நீட்டியபடியே சொன்னார், "மாத்திரை எட்டு மணிக்கு. முகூர்த்தம் ஒன்பதரைக்கு. எது முன்னாடி வருதோ அதை முதல்ல முடிப்போம். நீ வாயைத் திறம்மா."

அரைமணி நேரம் பார்த்துப் பார்த்துத் தீட்டிய லிப்ஸ்டிக்கை மூன்று இட்லி முழுசாகத் துடைத்து எடுத்துக்கொண்டு போனதை, இந்தத் தொழிலில் நான் கண்ணில் நீரோடு கைகட்டி வேடிக்கை பார்த்தது அந்த ஒரு தடவைதான்.